இரைப்பையின் வாயில் அடைபடும்போது: பச்சிளங் குழந்தையின் வாந்தி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

பிறந்த குழந்தை பால் குடித்த சிறிது நேரத்தில் வாயோரமாகக் கொஞ்சம் பாலைக் கக்குவது எல்லா வீடுகளிலும் காணப்படும் நிகழ்ச்சியாகும். "கக்கின பிள்ளை தக்கும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை இது உண்மையே. பால் கக்கினாலும் குழந்தையின் எடை கூடி வருகிறது, அது அமைதியாக உறங்குகிறது, நாளொன்றுக்குப் பல முறை சிறுநீர் கழிக்கிறது எனில் பெற்றோர் கவலை கொள்ளத் தேவையில்லை.

ஆயினும், இப்பழமொழி பொருந்தாத வாந்தி ஒன்றும் உண்டு. மூன்று வாரம் வரை நலமாகப் பால் குடித்து வந்த குழந்தை, பின்னர் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீறிட்டு வாந்தி எடுக்கத் தொடங்கும். நாளுக்கு நாள் அது மிகும், குழந்தை மெலியும். இதனை மாந்தம் என்றும், கண்ணேறு என்றும், உரம் விழுந்தது என்றும், தாயின் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எண்ணி நாள்களைக் கடத்துவோர் நம்மிடையே உளர். உண்மையில் இஃது இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்துச் சுருங்குவதால் உண்டாகும் நோயாக இருக்கலாம். தக்க காலத்தில் மருத்துவமனையை அடைந்தால் முழுமையாகக் குணமாகும். கவனியாது விட்டால் உயிருக்கே தீங்கு விளைக்கும். ஆகவே, இந்நோயின் தன்மையையும், அது பெரியவர்களிடம் தோன்றும் வகையினையும் இக்கட்டுரையில் விளக்குகின்றோம்.

வாயிற்காவலன்

நாம் உண்ணும் உணவு உணவுக்குழாய் வழியாக இரைப்பையை அடைகின்றது. அங்கே அமிலத்துடன் கலந்து கூழாகி, பின்னர்ச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் செல்கின்றது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று அமைந்துள்ளது. உணவு பக்குவமடையும் வரை அது மூடியிருக்கும். பக்குவமடைந்தபின் திறந்து வழிவிடும். இப்பகுதிக்கு மருத்துவர்கள் வழங்கும் 'பைலோரஸ்' என்ற பெயர், வாயிற்காவலன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் இத்தசை அளவுக்கு மீறித் தடித்து நீள்கின்றது. அதனுள்ளே செல்லும் வழி ஒடுங்கிவிடுகின்றது. காவலன் பருத்துப்போய்த் தானே வாயிலை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு இதனை ஒப்பிடலாம். இரைப்பை தன் வலிமையனைத்தையும் கூட்டிப் பாலைக் கீழே தள்ள முயல்கின்றது. வழியில்லாமையால் பால் மேல்நோக்கிப் பாய்ந்து வெளிவருகின்றது. இந்நிலையே தசைத்தடிப்பினால் நேரும் இரைப்பைவாய்ச் சுருக்கம் எனப்படும்.

அறிகுறிகள் யாவை?

இந்நோய் பெரும்பாலும் குழந்தை பிறந்த 2 முதல் 8 வாரங்களுக்குள், சிறப்பாக 3 முதல் 6 வாரங்களுக்குள் வெளிப்படும். பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் பின்வருமாறு:

முதலாவது, வாந்தியின் வேகம். வாயோரமாக வழியாமல், பால் பீறிட்டுச் சிறிது தொலைவில் சென்று விழும். தொடக்கத்தில் நாளுக்கு ஓரிரு முறையே நிகழும். சில நாள்களில் ஒவ்வொரு முறை பால் குடித்த பின்பும் நிகழும்.

இரண்டாவது, வாந்தியின் நிறம். அது வெறும் பாலாகவோ திரிந்த பாலாகவோ இருக்கும். பித்தநீர் சேரும் இடம் அடைப்புக்கு அப்பால் உள்ளதாகையால், வாந்தி பச்சை நிறமாகவோ கரும்பச்சை நிறமாகவோ இராது. பச்சை நிற வாந்தி எடுக்கும் கைக்குழந்தைக்குக் குடல் முறுக்கு முதலிய வேறு கொடிய கோளாறு இருக்கக்கூடும். அக்குழந்தையை ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாவது, பசி. காய்ச்சலினாலோ பிற நோயினாலோ வாந்தி எடுக்கும் குழந்தை சோர்ந்து பாலை மறுப்பதே வழக்கம். இந்நோயுற்ற குழந்தையோ வாந்தி எடுத்த மறு நொடியே பாலுக்கு அழும். "நன்றாகத்தான் குடிக்கிறான், ஆனால் ஒன்றும் தங்குவதில்லை" என்று தாயார் கூறுவது இந்நோய்க்கே உரிய அடையாளமாகும்.

நான்காவது, எடைக்குறைவும் வறட்சியும். சிறுநீர்த் துணி நனைவது குறையும். மலம் அரிதாகவும் சிறிதாகவும் வெளியேறும். எடை கூடாது, பின்னர்க் குறையவும் தொடங்கும். நோய் முற்றினால் உச்சிக்குழி அமிழும், கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், குழந்தை துவண்டு போகும்.

பால் குடித்தவுடன் குழந்தையின் வயிற்றை உற்று நோக்கினால், இடப்புறத்திலிருந்து வலப்புறமாக அலை போன்றதோர் அசைவு தோலுக்கடியில் நகர்வதைச் சில வேளைகளில் காணலாம். இது, பாலை வெளியேற்ற இரைப்பை படும் பாடேயாகும்.

யாருக்கு வரும்?

ஆண் குழந்தைகளுக்கு இந்நோய் பெண் குழந்தைகளைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக வருகின்றது. தலைச்சன் பிள்ளைகளிடம் சற்று அதிகமாகக் காணப்படுகின்றது. ஐரோப்பிய வழியினரில் ஆயிரம் பிறப்புகளுக்கு 2 முதல் 4 குழந்தைகள் வரை இதற்கு ஆளாகின்றனர். ஆசிய மக்களிடையே இந்த அளவு குறைவே. ஆனால், அரிதாக இருப்பதிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. பத்துப் பிள்ளைகளை வளர்த்த பாட்டியாரும் தம் வாழ்நாளில் இத்தகைய குழந்தை ஒன்றைக் கண்டிருக்க மாட்டார். ஆதலால், அனுபவம் மிக்கவர் "ஒன்றுமில்லை" என்று கூறினாலும், மேற்சொன்ன அடையாளங்கள் இருப்பின் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

குடும்ப வழியாகவும் இந்நோய் தொடர்வதுண்டு. குழந்தைப் பருவத்தில் இந்நோய்க்கு ஆளான பெண் பின்னர்த் தாயாகும்போது, அவருக்குப் பிறக்கும் ஆண் மக்களில் ஐவருள் ஒருவருக்கு இது வரக்கூடும் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். எனவே, சிறு வயதில் வயிற்றில் இத்தகைய அறுவை நடந்திருப்பின், தாயோ தந்தையோ அதனைத் தாதியரிடம் மறவாது தெரிவித்தல் வேண்டும்.

நோயின் மூலகாரணம் இன்னது என்று அறுதியிட்டுக் கூறப்படவில்லை. பரம்பரைக் கூறும் சுற்றுச் சார்பும் கலந்தே இதனைத் தோற்றுவிக்கின்றன. தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளைவிடப் புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் எரித்ரோமைசின் என்னும் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து மிகுதி. 1999-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கக்குவான் இருமலுக்கு முற்காப்பாக அம்மருந்தைப் பெற்ற பச்சிளங் குழந்தைகளுள் எழுவருக்கு இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. மருத்துவர் தக்க காரணத்துடன் கொடுக்கும் மருந்தை அஞ்சி நிறுத்தலாகாது. ஆனால், மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைக் கைக்குழந்தைக்கு ஊட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். தாயின் பாலில் குற்றம் இருப்பதால் இந்நோய் வருவதில்லை. தாய் உண்ட உணவும் இதற்குக் காரணமன்று. மருமகளின் பாலைப் பழித்து மாவுப்பாலுக்கு மாற்றுவதால் அடைப்பு நீங்காது. மாறாக, விலைமதிப்பற்ற நாள்களே வீணாகும்.

உடலில் உப்புக் குறைதல்

இரைப்பையில் உப்பிலிருந்து உருவாகும் கடுமையான அமிலம் சுரக்கின்றது. குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும்போது நீருடன் இந்த அமிலமும் வெளியேறிவிடுகின்றது. அதனால் இரத்தத்தில் குளோரைடு குறைகின்றது; நீரைக் காத்துக்கொள்ளச் சிறுநீரகம் முயலும்போது பொட்டாசியமும் குறைகின்றது; இரத்தம் காரத்தன்மை மிகுந்ததாக மாறுகின்றது. இம்மாற்றம் மிகுந்தால் மூச்சு மெதுவாகும். இதயத்தின் துடிப்பும் பாதிக்கப்படும்.

கொதித்து ஆறிய நீரையோ, குளுக்கோஸ் நீரையோ, ஓமத் தண்ணீரையோ புகட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் கருதுவர். அடைபட்ட வாயிலைப் பால் கடவாதது போலவே நீரும் கடவாது. அதுவும் வாந்தியாகவே வெளிவரும். வயிற்றுப்போக்கிற்குக் கைகொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இந்நோய்க்கு உதவாது. இழந்த நீரையும் உப்பையும் நரம்பு வழியாக ஏற்றுவதொன்றே வழியாகும்.

கோலா தெர்லாவில் குழந்தைக்கு நோய் கண்டால்

கேமரன் மலையில் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்துள்ள கோலா தெர்லாவை எடுத்துக்கொள்வோம். தேயிலை மலைகளும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குச் செல்வோர் திரிங்காப், பிரிஞ்சாங் வழியாக வளைந்து செல்லும் மலைச்சாலையில் பயணம் செய்ய வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அச்சாலையில் வண்டிகள் நெருங்கி நிற்கும். அடைமழைக் காலத்தில் மண் சரிவதும் உண்டு.

ஆகவே, மலைத்தோட்டங்களில் வாழ்வோர் நோய் முற்றும் வரை காத்திருத்தல் கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பால் பீறிட்டு வெளிவந்தால், அன்றே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குழந்தையைக் காட்டுதல் வேண்டும். செல்லும்போது குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைத் தவறாமல் கொண்டு செல்க. பிறந்தபோது இருந்த எடையும், பின்னர்த் தாதியர் குறித்த எடையும், இப்போதைய எடையும் அருகருகே நிற்கும்போது, வாய்ச்சொல்லைவிட அவ்வேடே மருத்துவருக்குத் தெளிவாக உண்மையை உணர்த்தும். எத்தனை நாளாக வாந்தி, நாளுக்கு எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்னும் நான்கு செய்திகளையும் குறித்துக்கொண்டு சென்றால் பேருதவியாக இருக்கும்.

குழந்தை துவண்டு, எழுப்பினாலும் கண் திறவாமல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமல் இருந்தால் விடியும் வரை காத்திராமல் 999 என்ற எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் நீரேற்றிக் குழந்தையின் நிலையைச் சீராக்கியபின், குழந்தை அறுவை வல்லுநர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். அவ்வாறு அனுப்புவது நோய் கைமீறிவிட்டது என்பதன் அடையாளமன்று. அதற்குரிய மருத்துவம் அங்கே கிடைக்கும் என்பதனாலேயே அனுப்புகின்றனர். சிம்பாங் பூலாய்ச் சாலை திறக்கப்பட்டபின், கம்போங் ராஜா வட்டாரத்திலிருந்து தாப்பா வழியாகச் சுற்றாமலே ஈப்போவை அடைய முடிகின்றது. குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவாகையால், செலவை எண்ணியும் தயங்க வேண்டியதில்லை.

கண்டறியும் முறை

மருத்துவர் குழந்தையின் வயிற்றை மென்மையாக அழுத்திப் பார்ப்பார். தடித்த தசை சிறியதொரு நெல்லிக்காய் போல விரலுக்குத் தட்டுப்படலாம். இக்காலத்தில் ஒலியலைப் படக்கருவி எனப்படும் ஸ்கேன் மூலம் இதனை உறுதி செய்கின்றனர். இதனால் குழந்தைக்கு வலியுமில்லை, கதிர்வீச்சுமில்லை. வாயில் தசையின் தடிப்பு 3 மில்லிமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருந்து, அப்பகுதி நீண்டும் காணப்பட்டால் நோய் உறுதியாகின்றது. இரத்தச் சோதனை உப்புகளின் நிலையைக் காட்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரக் குழந்தை மருத்துவரான ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1887-இல் இந்நோயால் மாண்ட இரு குழந்தைகளைப் பற்றி மருத்துவர் கூட்டமொன்றில் விரிவாக எடுத்துரைத்தார். அதன்பின்பே மருத்துவ உலகம் இதனைத் தனியொரு நோயாக நன்குணர்ந்தது. அக்காலத்தில் இரைப்பையையே வெட்டிக் குடலுடன் இணைக்கும் பெரிய அறுவைகள் செய்யப்பட்டன. மெலிந்த குழந்தைகள் அவற்றைத் தாங்காமல் பெருமளவில் மடிந்தன.

1911-இல் ஜெர்மனியின் மன்ஸ்டர் நகர அறுவை மருத்துவர் கான்ராட் ராம்ஸ்டெட், ஒரு குழந்தையின் தடித்த தசையைக் கீறியபின் அதனைத் தைக்க முயன்றார். தையல் நிற்கவில்லை. தசை பிளந்தபடியே விடப்பட்டது. ஆயினும் அக்குழந்தை பிழைத்தது. தையலே தேவையில்லை என்பதை உணர்ந்த அவர், மறு ஆண்டில் தசையை மட்டும் கீறிப் பிளந்து, உட்சவ்வைத் தொடாது விடும் முறையினை வெளியிட்டார். பிளந்த தசையின் நடுவே உட்சவ்வு பிதுங்கி விரிய, வழி திறந்துகொள்கின்றது. நூறாண்டு கடந்தும் உலகெங்கும் இம்முறையே பின்பற்றப்படுகின்றது. வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவி வழியாகச் செய்யும் வசதி 1990-களில் வந்தபோதும், உள்ளே செய்யப்படுவது அதே கீறல்தான். இன்று தகுந்த மருத்துவமனைகளில் இந்நோயால் இறக்கும் குழந்தைகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஒரு மாதக் குழந்தையைக் கத்தி வைக்க ஒப்படைப்பது பெற்ற மனத்திற்கு எளிதன்று. ஆனால், அறுவைக்கு முன்பு ஓரிரு நாள்கள் மருத்துவர்கள் காத்திருப்பதைக் கண்டு, "இன்னும் ஏன் செய்யவில்லை?" என்று கலங்குவதும் வேண்டியதில்லை. இரத்தத்தில் உப்புகள் சீர்பட்ட பின்பே மயக்க மருந்து கொடுத்தல் பாதுகாப்பானது. உண்மையில் உயிர் காப்பதில் நீரேற்றத்திற்குப் பாதிப் பங்கு உண்டு. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் பால் கொடுக்கத் தொடங்குவர். முதலில் ஓரிரு நாள்கள் சிறிது வாந்தி எடுக்கலாம். அது தானே நிற்கும். பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாள்களில் வீடு திரும்புகின்றன. நோய் மீண்டும் வருவது மிக அரிது; குழந்தையின் பிற்கால வளர்ச்சிக்கும் தடையில்லை.

பெரியவர்களுக்கும் வருமா?

காரணமின்றித் தசை தடிக்கும் இந்நோய் பெரியவர்களிடமும் காணப்படுவதுண்டு. ஆனால் மிக அரிது. பெரியவர்களிடம் இரைப்பை வாயில் அடைபடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்களே உள்ளன. ஆறி ஆறிப் புண்பட்ட வயிற்றுப்புண்ணின் தழும்பு, இரைப்பைப் புற்றுநோய், அமிலத்தை விழுங்குதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னிந்தியாவில் இவ்வடைப்பு ஒரு காலத்தில் மிகச் சாதாரணமாக இருந்தது. 1922-இல் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற ஆங்கில அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், அப்பயணத்தின்பின் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மருத்துவமனையைக் கண்டு, அங்கு நிலவிய தேவையை உணர்ந்து அங்கேயே பணியாற்றத் தங்கினார். முன்சிறுகுடற் புண்ணால் வருந்தி அவரை நாடி வந்தோர் ஏராளம். ஏறத்தாழ 2,500 நோயாளிகளை ஆராய்ந்து, ஐ. எம். ஓர் என்னும் மருத்துவருடன் இணைந்து 1936-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகில் பெயர் பெற்றதாகும். அடைபட்ட வாயிலை விட்டு, இரைப்பையைச் சிறுகுடலின் வேறோரிடத்தில் இணைத்து உணவுக்குப் புதுவழி அமைப்பதே அந்நாளைய மருத்துவமாக இருந்தது.

இப்புண்களுக்குக் காரம் மிகுந்த உணவும் மனக்கவலையுமே காரணம் என நெடுங்காலம் எண்ணி வந்தனர். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என நிறுவியதற்காக 2005-இல் நோபெல் பரிசும் பெற்றனர். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி மிகுதியாகக் காணப்பட்டுள்ளது. ஓரிரு வாரம் மருந்து உட்கொண்டால் இதனைப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். மற்றொரு காரணம் வலி மாத்திரைகள். கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குவோர் வயிற்றுப்புண்ணைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர்.

சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்தாற்போல் இருத்தல், முதல் நாள் உண்ட உணவு மறுநாள் செரியாமலே வாந்தியாக வெளிவருதல், உடல் அசையும்போது வயிற்றில் நீர் தளும்பும் ஒலி கேட்டல், உடல் மெலிதல் ஆகியவை அடைப்பின் அடையாளங்கள். இவற்றைக் கண்டோர் வாயுத் தொல்லை என ஒதுக்காமல் குழாய்நோக்குச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்வதே இதில் முதற்கடமை. புண் மட்டுமே காரணமாயின் மருந்தினாலும், காற்றுப் பலூன் கொண்டு வாயிலை விரிப்பதனாலும் பலர் நலமடைகின்றனர். தேவைப்படுவோர்க்கு அறுவைச் சிகிச்சை உண்டு.

ரப்பர்த் தோட்ட வாசகர்களுக்கும் ஒரு சொல். பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ ஊற்றி வீட்டில் வைத்தல் கூடாது. அறியாமல் ஒரு மிடறு விழுங்கியவரும் இரைப்பை வாயில் தழும்பேறி ஆயுள் முழுவதும் அல்லற்பட நேரும்.

செய்யத்தக்கதும் தகாததும்

குழந்தை வாந்தி எடுக்கும்போது சேலையிலிட்டு உருட்டி உரம் எடுப்பதும், தொக்கம் எடுப்பதற்காக வயிற்றை அழுத்துவதும், வசம்பு உரைத்துப் புகட்டுவதும் தகா. வாந்தியை நிறுத்தும் மருந்தைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுத்தலும் தகாது. மருத்துவர் வேறு கூறும் வரை தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுக்கலாம். வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழலில் பால் செல்லாதவாறு குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும். குறித்த நாளில் தாதியரிடம் எடை பார்த்துப் பதிதலை ஒருபோதும் தவறவிடலாகாது.

வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தையைப் பாட்டியாரிடமோ பராமரிப்பவரிடமோ விட்டுச் செல்லும் வீடுகளில், அன்று பால் எத்தனை முறை கொடுக்கப்பட்டது, எத்தனை முறை வாந்தி எடுத்தது, எத்தனை துணி நனைந்தது என மாலையில் கேட்டறிதல் நலம். பகலெல்லாம் நடந்ததைத் தாய் அறியாமலும், இரவில் நடப்பதைப் பாட்டியார் அறியாமலும் இருப்பதனாலேயே நோய் சில வேளை மறைந்து நிற்கின்றது.

கக்கின பிள்ளை தக்கும் என்பது மெய்யே. ஆனால், கக்கியும் எடை கூடும் பிள்ளைக்கே அது பொருந்தும். பீறிட்டு வாந்தி எடுத்து நாளுக்கு நாள் இளைக்கும் பிள்ளையைத் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பிப்பது பெற்றோர் கடமையாகும்.